மலை வளைவில் வராத பயம் நேர் ரோட்டில் வருகிறது – யாருக்காவது இப்படி இருக்கிறதா?

கோத்தகிரி_தேயிலைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 46 வயது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டி, அதாவது மலைக் கிராமம். ஒன்றரை ஏக்கர் தேயிலையும் ஒரு பழைய ஆல்டோவும்தான் சொத்து. 20 வருடமாக வண்டி ஓட்டுகிறேன். எதிர் வண்டியின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிகிற பனியில், இரண்டாம் கியரில் குஞ்சப்பனை வரை இறங்கியிருக்கிறேன். பலாப்பழ சீசனில் ரோட்டை மறித்து நின்ற யானை தானாக இறங்கிப் போகும்வரை அரை மணி நேரம் காத்திருந்திருக்கிறேன். அப்போதெல்லாம் கை நடுங்கியது கிடையாது.

பிரச்சினை கீழே இறங்கிய பிறகுதான். போன வருடம் மகள் சேலத்தில் கல்லூரியில் சேர்ந்தாள். வீட்டுக்காரருக்குக் கண்ணில் பிரஷர், வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அதனால் நான்தான் போய் வருகிறேன். மேட்டுப்பாளையம், அன்னூர், அவிநாசி, அங்கிருந்து நான்கு வழிச்சாலை. இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முதல் இரண்டு தடவை ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது தடவை, விஜயமங்கலம் டோல்கேட் தாண்டிப் பத்து நிமிடம் இருக்கும். ரோடு காலியாக இருந்தது. வளைவு இல்லை, மேடு இல்லை. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. உதட்டைச் சுற்றி மரத்துப் போச்சு. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் மருதாணி வைத்துக் காயவிட்ட கை மாதிரி விறைத்துக்கொண்டன. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. ஹார்ட் அட்டாக்தான், மகளைப் பார்க்காமலே போகப்போகிறேன் என்று முடிவே செய்துவிட்டேன். எப்படியோ ஓரம் கட்டினேன். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் ஆல்டோ தொட்டில் மாதிரி ஆடியது. இருபது, இருபத்தைந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, நாற்பதில் உருட்டிக்கொண்டு பெருந்துறை போய்ச் சேர்ந்தேன்.

அப்புறம் கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதாம். “ஒண்ணும் இல்லம்மா, மனசுதான், ரிலாக்ஸா இருங்க” என்றார் டாக்டர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். ரிலாக்ஸாக இருக்கத் தெரிந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்?

அடுத்த தடவை பவானி தாண்டிக் காவிரிப் பாலத்தில் அதே மாதிரி வந்தது. பாலத்தில் எங்கே நிறுத்துவது? அழுதுகொண்டே ஓட்டிக் குமாரபாளையத்தில் இறங்கினேன். அதிலிருந்து பஸ்தான். மூன்று பஸ் மாற வேண்டும், ஒரு நாள் இலை பறிப்பு போய்விடுகிறது. அடுத்த மாதம் மகள் ஹாஸ்டலைக் காலி செய்கிறாள். மெத்தை, பெட்டி, பக்கெட்டோடு பஸ் ஏற முடியாது.

கேட்பது இவ்வளவுதான். இது இதயமா, இல்லையா? ஓட்டும்போது நடுவில் வந்தால் என்ன செய்வது? இதற்கு மாத்திரை உண்டா? கொண்டை ஊசி வளைவில் தைரியமாக இருக்கிறவளுக்கு நேர் ரோட்டில் ஏன் வருகிறது? வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஊட்டி_ரைடர்:

அக்கா, பயம் எல்லாம் மைண்டில்தான். நல்ல பாட்டாகப் போடுங்க, பாசிட்டிவாக நினையுங்க, ஜம்முனு போயிடலாம்.

கோத்தகிரி_தேயிலைக்காரி:

தம்பி, பாலத்தில் வந்தபோதும் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போது அந்தப் பாட்டைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது.

கேரட்_லாரி:

அக்கா, நான் கேத்தி ஊர்க்காரன். ராத்திரியில் கேரட் கழுவி மூட்டை பிடித்து, விடியும் முன் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குகிற வண்டி ஓட்டினேன். அப்புறம் நாலு வருடம் சென்னை லைன். நீங்கள் எழுதியதை அப்படியே நானும் பட்டிருக்கிறேன். கிருஷ்ணகிரி தாண்டி, ராத்திரி 2 மணி. ஆம்பளை லாரி டிரைவர் இதை யாரிடம் சொல்வது? கிளீனரிடம்கூடச் சொல்லவில்லை, டயரைப் பார்க்கிற மாதிரி இறங்கி நின்றேன். என் விஷயத்தில் பாதிக் காரணம் தூக்கம் வராமல் இருக்க வாங்கிக் குடித்த எனர்ஜி டிரிங்க். ஒரு ராத்திரிக்கு மூன்று டப்பா, நடுவில் டீ வேறு. அதை விட்டதும் பாதி போச்சு.

நடுவில் வந்தால் என்ன செய்வது என்று கேட்டீர்களே. சடாரென்று பிரேக் பிடிக்காதீர்கள், பின்னால் வருகிறவன் 90-ல் வருவான். இடது இண்டிகேட்டர் போடுங்கள், காலை எடுங்கள், வேகம் தானாகக் குறையட்டும். முடிந்தால் பெட்ரோல் பங்க், இல்லாவிட்டால் டோல்கேட் தாண்டி ஓரமாக இருக்கும் இடம், லாரி நிறுத்துகிற இடம். ரோட்டோரத்தில்தான் நிறுத்த வேண்டும் என்றால் நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு இடது பக்கக் கதவு வழியாக இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். நீங்கள் வண்டிக்குள் 25 நிமிடம் உட்கார்ந்திருந்ததைப் படித்தபோது எனக்குத்தான் படபடப்பு. நிற்கிற வண்டியில் பின்னாலிருந்து மோதுவதுதான் அந்த ரோட்டில் உண்மையான ஆபத்து. 1033 என்று ஒரு நம்பர் இருக்கிறது, தேசிய நெடுஞ்சாலைக்காரர்களுடையது. எந்த நேரமும் கூப்பிடலாம்.

இன்னொன்று. புறப்படும் முன்னால் எங்கெங்கே நிறுத்தலாம் என்று மனசில் எழுதிக்கொள்ளுங்கள். “அடுத்த பங்க் இன்னும் ஆறு கிலோமீட்டர்” என்று தெரிந்தால் நெஞ்சு அடங்கும். எனக்கு அடங்கியது.

ராத்திரி_டூட்டி:

நான் நீலகிரியில் ஒரு அரசு மருத்துவமனையில் நர்ஸ். நேரில் பார்க்காமல் இது இதுதான் என்று சொல்ல மாட்டேன் அக்கா, ஆனால் நீங்கள் சொன்ன வரிசை எங்கள் கேஷுவாலிட்டிக்கு அடிக்கடி வருவது.

உதடு மரத்தது, விரல் விறைத்தது இரண்டும் மூச்சால் வந்தவை. பயத்தில் வேக வேகமாக இழுத்து விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். அதனால்தான் மரப்பும் தலைசுற்றலும். காற்று போதவில்லை என்று தோன்றும், உண்மையில் தேவைக்கு அதிகமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருப்பீர்கள். அதனால் ஆழமாக இழுக்கப் பார்க்காதீர்கள். விடுவதை நீட்டுங்கள். சூடான டீயை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி விடுங்கள், உள்ளே இழுப்பது தானாக நடக்கும். பேப்பர் பையை மூக்கில் வைத்து மூச்சு விடச் சொல்வார்கள், வேண்டாம். நிஜமாகவே இதயமோ ஆஸ்துமாவோ இருந்தால் அது ஆபத்து. இந்தப் பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், அப்புறம் இறங்கும். எவ்வளவு மோசமாக இருந்தாலும் இறங்கும். அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பாருங்கள், நாடியைப் பிடித்துப் பார்க்காதீர்கள்.

ஒரு கேள்வி. இலை மூட்டையோடு சரிவில் ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ படபடப்போ வருகிறதா? உழைக்கும்போது வந்து, நின்றால் அடங்குகிற நெஞ்சு வலி என்றால் பழைய ஈசிஜியை நம்பி உட்காரக் கூடாது, திரும்ப டாக்டரிடம் போக வேண்டும். நெஞ்சை அழுத்துகிற வலி கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மயக்கம் – இதில் எது வந்தாலும் “இது பயம்தான்” என்று நீங்களே முடிவு செய்யாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தப்பாகக் கூப்பிட்டோமே என்று வெட்கப்பட வேண்டாம், எங்களுக்கு அதில் கோபம் கிடையாது.

இன்னொரு கேள்வி, பொதுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்தார்களா? மாதவிலக்கு எப்படி இருக்கிறது? 46 வயதில் அது தாறுமாறாகும்போது திடீர்ச் சூடு, வியர்வை, படபடப்பு எல்லாம் வரும். அதிகமாகப் போனால் ரத்தம் குறையும், ரத்தம் குறைந்தாலும் நெஞ்சு வேகமாகத்தான் அடிக்கும்.

மாத்திரை உண்டு. ஆனால் கடையில் கேட்டு வாங்குவதில்லை. பதற்றத்தைச் சட்டென்று அடக்கும் மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைக்கும், அதைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. நம் ஊரில் மலை இறங்கும் முன் வாந்திக்கு அவோமின் போடும் பழக்கம் உண்டே, அதுவும் தூக்கம்தான். பின் சீட்டில் உட்கார்ந்தால் போடலாம். தினமும் சாப்பிடுகிற மாத்திரைகளை மனநல மருத்துவர் எழுதித் தருவார், வேலை செய்யச் சில வாரம் ஆகும். 14416 என்பது டெலி மானஸ், மனநலத்துக்கான உதவி எண். அரசு நடத்துவது, காசில்லை, தமிழில் பேசலாம். முதலில் அங்கே பேசிப் பாருங்கள்.

காலையில் என்ன சாப்பிட்டுக் கிளம்புகிறீர்கள்?

கோத்தகிரி_தேயிலைக்காரி:

நன்றி நர்ஸ் அம்மா. இதுவரை யாரும் இப்படிக் கேட்கவில்லை. சரிவில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது, நெஞ்சு இறுக்கம் இல்லை. வயசாகிறது என்று விட்டுவிட்டேன். ஹீமோகுளோபின் பார்த்த ஞாபகம் இல்லை. மற்றது, ஆமாம், ஒரு வருடமாகத் தாறுமாறுதான்.

சாப்பாடு: வாந்தி வரும் என்று மலை இறங்கும்போது ஒன்றும் சாப்பிட மாட்டேன். காலை ஐந்து மணிக்கு ஒரு கட்டன் டீ, மேட்டுப்பாளையத்தில் ஒரு டீ, அவிநாசியில் ஒன்று. ஒன்றுக்குப் போக இடம் தேட வேண்டுமே என்று தண்ணீர் குடிக்க மாட்டேன்.

ராத்திரி_டூட்டி:

வெறும் வயிறு, மூன்று டீ, தண்ணீர் இல்லை. ஸ்வெட்டரும் போட்டிருப்பீர்களே?

கோத்தகிரி_தேயிலைக்காரி:

அவிநாசி வரைக்கும். கழற்ற மறந்துவிடும்.

சர்க்கரை_22_வருஷம்:

நான் குன்னூர். நர்ஸ் சொன்னதோடு என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பர்லியார் தாண்டி எனக்கும் இதே நடுக்கமும் வியர்வையும் வந்தது. பயம் என்று நினைத்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டே ஓட்டினேன். மேட்டுப்பாளையத்தில் மச்சான் மெஷின் வைத்துப் பார்த்தால் சர்க்கரை 58. இன்சுலின் போட்டுவிட்டு இட்லியைப் பார்சல் கட்டி மடியில் வைத்திருந்தேன், புத்திசாலி.

உங்களுக்குச் சர்க்கரை இல்லை என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் இதைப் படிக்கிற சர்க்கரைக்காரர்களுக்கு: பயமா, லோ சுகரா என்று உடம்பைக் கேட்டால் தெரியாது, மெஷினைத்தான் கேட்க வேண்டும். 70-க்குக் கீழே என்றால் மூன்று ஸ்பூன் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். சரியானதும் உடனே கிளம்பக் கூடாது, முக்கால் மணி நேரமாவது இருந்துவிட்டுப் போ என்றார் என் டாக்டர். மூளை தெளிய நேரம் எடுக்குமாம். குளுக்கோஸை டிக்கியில் வைக்காதீர்கள், கை எட்டும் இடத்தில் வையுங்கள். டிக்கியில் வைத்திருந்தவன் சொல்கிறேன்.

ரிட்டயர்டு_டிரைவர்:

அம்மாடி, நான் மலை பஸ் 31 வருடம் ஓட்டினவன். நேர் ரோட்டில் ஏன் வருகிறது என்று கேட்டாய். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், டாக்டர் பேச்சு இல்லை. மலையில் ஒவ்வொரு வளைவும் உனக்கு ஒரு வேலை கொடுக்கும். ஹார்ன் அடி, கியர் மாற்று, ஏறுகிற வண்டிக்கு வழி விடு, எதிர் பஸ்ஸின் வால் எங்கே வீசுகிறது பார். நேர் ரோட்டில் கைக்கும் காலுக்கும் வேலை இல்லை. சும்மா இருக்கிற மனசு உள்ளே எட்டிப் பார்க்கும், நெஞ்சு எப்படி அடிக்கிறது, மூச்சு எப்படிப் போகிறது என்று. பார்க்கப் பார்க்க அது பெரிதாகும். அதோடு, மலையில் நினைத்த இடத்தில் டீக்கடை ஓரம் ஒதுங்கலாம், கீழே தடுப்புக்கு நடுவில் போகிறோம், இறங்க வழியில்லை என்று தோன்றும்.

அதனால் வேலை கொடு. இடது பக்கமே போ, 70-க்கு மேல் வேண்டாம். கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் பார். முன்னால் போகிற வண்டியின் நம்பரைப் படி. என்னைக் கேட்டால் பவானி வரை நீ அந்த ரோட்டுக்கே போக வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து சிறுமுகை, சத்தி (சத்தியமங்கலம்), கோபி, பவானி என்று போ. ஊர் ஊராக வரும், நேரம் கூட ஆகும், ஆனால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

ராத்திரி_டூட்டி:

அண்ணா சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் சத்தி ரோட்டில் ஒரு சிக்கல். எப்போதும் அதிலேயே போனால் “அந்த ரோட்டை விட்டதால்தான் பிழைத்தேன்” என்று மூளை எழுதி வைத்துக்கொள்ளும். அப்புறம் சத்தி ரோட்டிலும் ஒரு நாள் வரும், அதையும் விடுவோம், கடைசியில் வீட்டு வாசல்தான் மிச்சம். அப்படி ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பயந்த ரோட்டைத் துண்டு துண்டாகத் திரும்பப் பிடிக்க வேண்டும். சேலம் போகிற வேலை இல்லாத நாளில் அவிநாசி வரை போய் வாருங்கள். அது சலிப்பாகும் அளவுக்கு ஆனதும் செங்கப்பள்ளி. அப்புறம் டோல்கேட். பயம் வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, அது இறங்கும்வரை அங்கேயே இருங்கள். உச்சியில் இருக்கும்போது வீட்டுக்குத் திரும்பினால் பயம்தான் ஜெயிக்கும். முதல் இரண்டு தடவை பக்கத்தில் ஓட்டத் தெரிந்த ஆளை உட்கார வையுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் இதை ஆரம்பிக்க வேண்டாம்.

ரிட்டயர்டு_டிரைவர்:

சரிம்மா, நீ சொல்வதும் நியாயம்தான். ஆனால் மெத்தை ஏற்றப் போகிற அன்றைக்கு மட்டும் சத்தி வழியாகப் போனால் குடி முழுகிவிடாது.

கோத்தகிரி_தேயிலைக்காரி: (ஐந்து வாரம் கழித்து)

வணக்கம். பாதியில் விட்டுப் போனவள் என்று நினைத்திருப்பீர்கள்.

ஹீமோகுளோபின் 9.4. 12-க்கு மேல் இருக்க வேண்டுமாம். தைராய்டு சரியாக இருக்கிறது. இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, கர்ப்பப்பைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாயிற்று, பயப்பட ஒன்றும் இல்லை. மாத்திரை போடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ குடிக்கக் கூடாதாம், டீ இரும்பை உடம்பில் சேரவிடாதாம். தேயிலைத் தோட்டத்துக்காரியிடம் இதைச் சொன்ன அந்த டாக்டர் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. 14416-லும் பேசினேன். ஒரு பெண் முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டாள். அப்பா இறந்த வருடத்தைப் பற்றியெல்லாம் பேசினேன், ரோட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாது, ஆனால் பேசினேன்.

மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரம் கழித்து, பக்கத்து வீட்டு டாக்ஸி ஓட்டுகிற பையனை உட்கார வைத்துக்கொண்டு அவிநாசி வரை இரண்டு தடவை போனேன். பையன் இரண்டு தடவையும் அன்னூர் வருவதற்குள் தூங்கிவிட்டான். மூன்றாவது தடவை தனியாகச் செங்கப்பள்ளி. அங்கே வந்தது. ஒரு பங்கில் நிறுத்தி, இறங்கி, காற்றடிக்கிற மெஷின் பக்கத்தில் நின்று டீ ஊதுகிற மாதிரி ஊதிக்கொண்டிருந்தேன். காற்றடிக்கிற பையன் “என்னக்கா, வாய் வெந்துடுச்சா?” என்றான். கடிகாரத்தில் ஒன்பது நிமிடம். அப்புறம் இறங்கியது. இறங்குவதை முதல் தடவையாகப் பார்த்தேன், முன்னால் இரண்டு தடவையும் பார்க்கிற நிலையில் இல்லை.

ஹாஸ்டல் காலி செய்யப் போன அன்று பெரியவர் சொன்ன சத்தி வழியில் போகவில்லை, மன்னிக்கவும். இட்லி சாப்பிட்டேன். ஆறு வளைவுக்குள் வாந்தி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஒரே ஒரு டீ. தண்ணீர் குடித்தேன், வழியில் நாலு இடத்தில் நிறுத்தினேன், பங்க் கழிப்பறைகளைப் பற்றி இன்னொரு நாள் தனியாக எழுத வேண்டும். காவிரிப் பாலம் வரும்போது உள்ளங்கை வேர்த்தது. முன்னால் போன டேங்கரின் நம்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன், இன்னமும் மனப்பாடமாக இருக்கிறது. பாலம் நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்னது.

திரும்பும்போது மெத்தை பின் கண்ணாடியை மறைத்துவிட்டது, சைடு கண்ணாடிகள்தான். மகள் பேசிக்கொண்டே வந்தாள். மேட்டுப்பாளையம் தாண்டும்போது இருட்டிவிட்டது. ஸ்வெட்டரை மறக்காமல் கழற்றினேன் இல்லையா, அதை ஹாஸ்டல் அறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அரவேணு வருவதற்குள் பல் கிடுகிடுவென்று அடித்தது, கை நடுங்கியது. மகள் பயந்துபோய், “அம்மா, வந்துடுச்சா? நிறுத்து, நிறுத்து” என்று கத்தினாள். நான் ஒரு நிமிடம் யோசித்தேன்.

“இல்லடி, குளிருது. கண்ணாடியை ஏத்து.”

கேரட் லாரி தம்பி, மெத்தையைக் கட்டிய கயிறு குன்னூர் ரோட்டில் ஓட்டினாலும் அவிழாது என்று நீங்கள் தனியாகச் சொல்லிக்கொடுத்த முடிச்சு, அரிவாளால்தான் அறுக்க வேண்டியிருந்தது.